பதினேழு வயது அப்பா

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு பையன் பதினேழு வயதில் அப்பாவாகிவிட்டால், ‘இவன் எங்கே நிற்கப்போகிறான், ஓடிவிடுவான்’ என்றுதான் ஊர் பேசும். அது முழு உண்மையில்லை.

1998 முதல் 2000 வரை அங்கே 20 பெருநகரங்களில் பிறந்த சுமார் 4,900 குழந்தைகளின் குடும்பங்களை ஓர் ஆய்வு பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. எல்லா வயதுப் பெற்றோரும் அதில் உண்டு, பெரும்பாலோர் மணமாகாதவர்கள். குழந்தை பிறந்த சமயத்தில் மணமாகாத ஜோடிகளில் பத்துக்கு எட்டு காதலில்தான் இருந்தன. ஐந்து வருடம் கழித்துச் சேர்ந்திருந்தவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பதின்வயதில் இந்தப் பிரிவு இன்னும் சுலபமாக நடந்துவிடும். காதல் முறியும்போது, குழந்தையிடம் போகிற வழியும் சேர்ந்து அடைபடுகிறது. சிக்கல் அங்கேதான்.

குழந்தை பெரும்பாலும் வளர்வது அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில். பையன் உள்ளே வர வேண்டுமென்றால் அந்தப் பெண்ணும் சம்மதிக்க வேண்டும், பாட்டியும் சம்மதிக்க வேண்டும். சண்டை போட்ட வாரத்தில் கதவு திறக்காது. பாட்டிமேல் எனக்கு வருத்தமில்லை. பள்ளிக்கூடம் போகிற மகளையும் கைக்குழந்தையையும் சேர்த்துச் சுமக்கிறவர் அவர்.

இது போதாதென்று சட்டம் வேறு. மணமாகாத அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏற இருவரும் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் போக வேண்டும். அப்புறம் பணம். தாய் அரசின் உதவித்தொகை வாங்கினால், பிள்ளைக்காக அப்பா கட்டும் ஜீவனாம்ச உரிமையை அரசுக்கு எழுதிக்கொடுத்தாக வேண்டும். பல மாநிலங்களில் அந்தப் பணத்தின் பெரும்பகுதி அரசுக்கே போய்விடும். அவன் ஆசையாக வாங்கிவந்த டயப்பரும் பால்பவுடரும் பெரும்பாலும் கணக்கில் ஏறாது. அரைகுறைக் கூலி வாங்குகிற பையனுக்குப் பாக்கி ஏற ஏறப் பயம் வருகிறது, ஒதுங்குகிறான். இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பால் ஃபுளோர்ஷைம் என்ற உளவியலாளர் வேறு வழியில் போனார். பிரசவத்துக்கு முன்பே இளம் பெற்றோர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, மனம் நோகாமல் பேசவும் மற்றவர் சொல்வதைக் கேட்கவும் பழக்கினார். காதல் நிலைக்குமா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். பிரிந்தாலும் இருவரும் சேர்ந்து பிள்ளையை வளர்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கைநீட்டுகிறவனை உள்ளே விடக் கூடாது. சிறுமியை ஏமாற்றிய வளர்ந்த ஆணுக்கும் இந்தப் பேச்சு ஆகாது. அவனைக் கவனிப்பது காவல்துறையின் வேலை.

மற்றவர்களுக்குப் பேச வேண்டிய விஷயங்கள் சின்னவைதான். தடுப்பூசிக்கு யார் கூட்டிப்போவது, சனிக்கிழமை பிள்ளை யாரிடம், வர முடியாவிட்டால் யாருக்குச் சொல்வது. ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வருகிற பெண்ணிடம், ‘அடுத்த தடவை அவனையும் கூட்டிக்கொண்டு வாம்மா’ என்று நர்ஸ் சொன்னாலே இந்தப் பேச்சைத் தொடங்கிவிடலாம்.