உங்களுக்குத் தெரியுமா? அடிவாரத்தில் குளிர், உச்சியில் வெயில்!

மலை ஏற ஏறக் குளிரும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆனால் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை (1,345 மீட்டர்) சில நாள் இதைத் தலைகீழாக்கிவிடும். உயர் காற்றழுத்தம் வந்து உட்காரும்போது மேல்காற்று கீழிறங்கி, அமுங்கி, சூடாகிறது. கனத்த குளிர்காற்றோ பள்ளத்தாக்கிலேயே தேங்கிவிடும். அடிவாரத்து ஃபோர்ட் வில்லியத்தில் மூடுபனியில் ஸ்வெட்டரோடு கிளம்பியவர், உச்சியில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, காலடியில் பஞ்சுப்பொதியாய்க் கிடக்கும் மேகக்கடலைப் பார்ப்பார். முதுகில் வெயில் பட்டால் எதிர்மேகத்தில் அவர் நிழல் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம் வேறு, சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி!

அந்த உச்சியில் முன்பு ஒரு வானிலைக்கூடம் இருந்தது. 1894-இல் அங்கே சில வாரம் பணியாற்றிய இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் இந்த வளையத்தில் சொக்கிப்போனார். அதை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்கக் கிளம்பியவர், கடைசியில் அணுத்துகள்களின் தடத்தையே காட்டும் மேக அறையைச் செய்தார். 1927-இல் இயற்பியல் நோபல்.

பென் நெவிஸ் ஏறப் போனால், வெயில் நாள் என்று ஏமாற வேண்டாம். வடக்குப் பக்கப் பிளவுகளில் பழைய பனி கிடக்கும். மேலே கெட்டி, அடியில் உருகிப் பொள்ளல். அதில் கால் வைக்காதீர்கள்.