மாடி வீடும் மூலப்பத்திரமும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்றனர் நம் முன்னோர். பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவோர்க்கும் ஓர் எச்சரிக்கையை அவர்கள் விட்டுச் சென்றிருக்கலாம். 2019ஆம் ஆண்டில், தாம்பரத்துக்கு மேற்கே ஒரு மாடி வீட்டை வாங்க முற்பட்டபோது நாம் கற்றவற்றை, நாளை வீடு வாங்கவிருக்கும் மாணவர்க்கும் இன்றே வாங்க எண்ணியிருக்கும் பெரியோர்க்கும் பயன்படுமெனக் கருதி இங்கு எழுதுகிறோம்.

மாடி வேண்டும் என்பது நம் இல்லத்தரசியார் விதித்த நிபந்தனை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பகுதியில் கீழ்த்தளம் மட்டுமே உடையோர் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. ஆயினும் மாடி, வெள்ளத்திலிருந்து ஆளைக் காக்குமேயன்றி வீட்டைக் காக்காது. ஆதலின் முதலில் பார்க்க வேண்டியது மண்ணை. இதில் தமிழாசிரியர்க்கு ஒரு வசதி உண்டு. ஊர்ப்பெயர்கள் நம்மிடம் உண்மையைச் சொல்லிவிடும். தாங்கல், ஏந்தல் என்பன நீர்நிலையைக் குறிக்கும் சொற்கள். பழவந்தாங்கல் இன்று மின்சார ரயில் நிற்கும் இடம்; பெயரோ பழைய நீரை மறக்கவில்லை. தியாகராய நகரே மாம்பலம் ஏரி கிடந்த இடத்தில் 1920களில் எழுந்ததுதான். பக்கத்து மதிற்சுவரில் நீர்க்கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதும், தெருமுனைக் கடைக்காரரிடம் 2015ஐப் பற்றிக் கேட்பதும் நன்று. தரகரிடம் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது கட்டடம். புறநகரில் பலர் ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி பெற்றுக் கட்டி, பிள்ளைகள் வளர்ந்தபின் மேலே ஒன்றை ஏற்றியிருப்பர். ஆதலின் திட்ட அனுமதி வரைபடத்தில் மாடி உண்டா, சொத்துவரி இரு தளங்களுக்கும் விதிக்கப்பட்டுள்ளதா என்று காண வேண்டும். அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது சாலச் சிறந்தது. பூச்சில் ஓடும் மயிரிழை வெடிப்பு வேறு. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகச் சுவரையே பிளந்து செல்லும் வெடிப்பு வேறு. ஐப்பசி மழையில் ஒருமுறை சென்றால் மொட்டைமாடி தன் குறையைத் தானே சொல்லும்.

இனிப் பத்திரங்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தாலேயே செல்லும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். விற்பவர்க்கு அவ்வீடு எவ்வாறு வந்தது என்பதை மூலப்பத்திரம் கூறும். அடமானம் முதலிய பதிவுகளை வில்லங்கச் சான்றிதழ் காட்டும். முப்பது ஆண்டுகளுக்கு அதனைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். பட்டா வருவாய்த்துறையின் பதிவே. அதுமட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதற்கு 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்து, 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பின்னர், மனையின் அங்கீகாரமும் முதன்மை பெற்றுவிட்டது.

ஆனால் வில்லங்கச் சான்றிதழில் ஏறாதது ஒன்று உண்டு. அது மரணம். உரிமையாளர் இறந்த கணமே சொத்து வாரிசுகளுக்குச் சென்றுவிடுகிறது. பதிவேட்டிலோ அவர் பெயரே நிற்கிறது. (வாரிசு என்பது அரபுச் சொல்லாம் 'வாரிஸ்', பாக்கி, வசூல் என்பனவும் அவ்வழி வந்தவையே.) நாம் பார்த்த வீட்டைக் கட்டியவர் காலமாகிவிட்டிருந்தார். விலை 60 இலட்சம் என முடிவாகி, முன்பணமாக 3 இலட்சம் கொடுத்திருந்தோம். வரைவுப் பத்திரத்தில் அவர் மனைவியும் இரு புதல்வரும் கையொப்பமிடுவதாக இருந்தது. வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழிலோ நான்கு பெயர்கள். நான்காவது, வேலூரில் வாழ்க்கைப்பட்ட மகள்.

"அவளுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாச்சு, சார்" என்றார் மூத்தவர். பத்திர எழுத்தரும் அதனை ஆமோதித்தார். சட்டம் ஆமோதிக்காது. முஸ்லிம் வாரிசுரிமையின்படி அவ்வீட்டை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, புதல்வர் ஒவ்வொருவர்க்கும் 14, மகளுக்கு 7. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பமாயின், உயில் எழுதாது இறந்தவரின் சுயசம்பாத்தியம் அந்நால்வர்க்கும் சமமாகும். எவ்வாறாயினும், திருமணத்தில் இட்ட நகை பங்கைத் தீர்த்துவிடாது. மகள் கையொப்பமிடவில்லையெனில் அவர் பங்கு வாங்குபவர்க்கு வருவதில்லை. அவர் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கலாம்.

மகள் பெயரின்றிப் பத்திரம் வேண்டா என்றோம். முன்பணம் திரும்பாது என்றனர். "வாங்குகிறவனுக்கு எதற்கு அவர்கள் வீட்டு வழக்கு?" என்று நம் உறவினரே கடிந்துகொண்டனர். உண்மையைச் சொல்வதாயின், நம் பாட்டனார் வீடு விற்கப்பட்டபோது நம் தந்தையாரின் தமக்கையிடம் எவரும் ஒரு சொல்லும் கேட்டதில்லை. நாமும் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம், வாய் திறக்கவில்லை.

இருபது நாள்களுக்குப் பின் அவ்வீட்டு மூதாட்டியார் நம்மை அழைத்தார். கதவுக்குப் பின்னிருந்தே பேசினார். "அவ பேரையும் போடுங்க. அவ அத்தா கட்டுன வீடு." மூத்தவர் ஒன்றும் பேசவில்லை. தொகையை நான்கு வரைவோலைகளாக எடுத்தோம். மகளுக்கு 10,50,000 ரூபாய்.

முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, அன்றைய பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு. வீட்டு விலையோடு இதற்கும் தொகை ஒதுக்காதவர் கடைசி நாளில் திண்டாடுவர். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தது. உடன் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது.

பதிவு முடிந்த மாலை அம்மகள் நம்மிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குச் சென்றார். அவர் படிப்பதற்கென்றே தந்தையார் எழுப்பிய அறை அது என்பதை அப்போதுதான் அறிந்தோம். கால்மணி நேரம் கீழே காத்திருந்தோம். இறங்கி வந்து சாவியை நம் இல்லத்தரசியார் கையில் கொடுத்து, "மழை வந்தா வடக்குச் சன்னலைச் சாத்திடுங்க, அக்கா. சாரல் புத்தக அலமாரி வரைக்கும் அடிக்கும்" என்றார்.

அவ்வாண்டுக் கார்த்திகையில் அடிக்கவே செய்தது.