மழை முடிஞ்சதும் ஏரிக்கரையில் பறவை போட்டோ: அவற்றைப் பறக்கவிடாமல் எடுப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பிவிட்டுப் போனதும், கரைகளில் காலை நடைக்கு வருவோர் கையில் செல்ஃபோன் தானாகவே மேலே எழும்பும். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேடந்தாங்கல் என எங்கு போனாலும் இதே காட்சிதான். தண்ணீர் நிறைய பறவைகள், கரை நிறைய கேமராக்கள்.

சிக்கல் எங்கே வருகிறது? "எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கு, பறந்தா செமயா இருக்குமே" என்று யாராவது கை தட்டுவார், அல்லது ஒரு கல்லை எறிவார். கூட்டம் மொத்தமும் மேலே கிளம்பும். படம் கிடைத்துவிடும். ஆனால் அதன் விலையைக் கொடுப்பது பறவை.

பறந்தால் என்ன நஷ்டம்?

பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் போன்றவை இங்கே ஓய்வெடுக்க மட்டும் வருவதில்லை. இரை தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கவும் வருகின்றன. வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் மார்ச், ஏப்ரலில் திரும்பப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்க அந்தக் கொழுப்புதான் எரிபொருள். மேய்வதைவிடப் பறப்பதற்குப் பல மடங்கு சக்தி செலவாகும். காலையில் நாலு பேர் நாலு தடவை விரட்டினால், அன்று தின்றதில் ஒரு பங்கு வீணாகிவிடும்.

கூடு கட்டும் இடத்தில் பாதிப்பு இன்னும் அதிகம். வேடந்தாங்கலில் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் குளிர்காலத்தில்தான் குஞ்சு பொரிக்கின்றன. தாய்ப் பறவை பயந்து எழுந்தால், முட்டை வெயிலில் காயும். காகம் தூக்கிப் போகவும் வாய்ப்புண்டு.

சட்டமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது வருகிறது.

எந்தத் தண்ணீரில் எந்தப் பறவை?

பறவையைத் துரத்திப் போக வேண்டாம். தண்ணீரின் ஆழத்தைப் பார்த்தாலே எது எங்கே வரும் என்று தெரிந்துவிடும். ஆழமான இடத்தில் வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான். முழங்கால் அளவு தண்ணீரில் பூநாரை, நெடுங்கால் உள்ளான். சேறு தெரியும் ஓரத்தில் சின்னச் சின்ன உள்ளான்கள்.

டிசம்பரில் ஏரி தளும்பும்போது பரந்த தண்ணீரையும் பிரதிபலிப்பையும் எடுக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் வற்றி சேறு வெளியே வரும்போது, கரைக்குப் பக்கத்திலேயே மேயும் பறவைகளை எடுக்கலாம்.

செல்ஃபோன் போதுமா?

தாராளமாகப் போதும். சில விஷயங்களைக் கவனித்தால் சரி.

விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் கலங்கிவிடும். போனில் தனி ஜூம் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அகலமாக எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். பைனாகுலர் இருந்தால் அதன் கண்ணாடியில் போன் கேமராவை ஒட்டி வைத்தும் எடுக்கலாம்.

வெள்ளைக் கொக்கு வெறும் வெளிச்சப் புள்ளியாக விழுகிறதா? திரையில் கொக்கின் மேல் தொட்டு, பிரகாசத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இறகு தெரிய ஆரம்பிக்கும்.

ஃபிளாஷும் கிளிக் சத்தமும் ஆஃப். பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிட்டுக் கூப்பிடும் வேலையும் வேண்டாம். சரணாலயங்களில் கேமராவுக்கும் ட்ரோனுக்கும் என்ன விதி என்று வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது?

மீட்டர் கணக்கு தேவையில்லை, பறவையே சொல்லிவிடும். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், அதுதான் எல்லை. இரண்டு அடி பின்னால் வந்து அசையாமல் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் பெரும்பாலும் திரும்ப மேய ஆரம்பிக்கும். பறக்கும் படம் வேண்டுமா? காத்திருங்கள். இடம் மாற வேண்டும் என்று தோன்றும்போது அது தானே பறக்கும்.

உங்கள் பாதுகாப்பு?

வெள்ளம் நின்ற இடத்தில் கால் வைக்காதீர்கள். அடியில் பள்ளமா, திறந்த வடிகாலா என்று மேலிருந்து தெரியாது. ஊறிய கரை காலடியில் சரியும். தண்ணீரில் நிற்கும் மின்கம்பத்தின் பக்கமே போகக் கூடாது. மேடு தேடிப் பாம்புகள் கரைக்கு வரும் காலம் இது. காலில் புண் இருந்தால் அழுக்குத் தண்ணீர் மூலம் எலிக்காய்ச்சல் தொற்றும். பள்ளிக்கரணையில் ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பதும் ஆபத்துதான்.

எடுத்த படத்தை என்ன செய்வது?

கூடு இருக்கும் படத்தில் இடத்தைக் குறிப்பிடாதீர்கள். மறுநாளே அங்கே கூட்டம் கூடிவிடும். மற்றபடி, தேதியும் இடமும் எழுதி வைத்த சாதாரணப் படத்துக்கும் மதிப்பு உண்டு. இபேர்டு செயலியில் பதிவு செய்தால் எந்தப் பறவை எப்போது வந்தது என்ற கணக்கில் அது சேரும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.

ஒரே இடத்தில் நின்று வாராவாரம் ஏரியை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்கு அதுவே சாட்சி. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை போல, நகரம் நெருக்கும் சதுப்பு நிலங்களுக்கு இப்படிப்பட்ட சாட்சி ரொம்ப அவசியம்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களில், பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் ஒரு பண்டிகைச் சத்தத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள். கரையில் நிற்பவர் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரே ஒரு கைதட்டல்தான்.