முகம் தெரிகிறது, வெள்ளம் எங்கே?

வெள்ளம் வந்தால் ஹெலிகாப்டர் வரும். ஹெலிகாப்டர் வந்தால் மறுநாள் பத்திரிகையிலே படம் வரும். ஆட்சி மாறலாம், கொடி மாறலாம், கோட்டையிலே அமர்பவர் மாறலாம். அந்தப் படம் மட்டும் மாறுவதில்லை. சன்னலோரம் ஒரு தலைவர். காதிலே ஹெட்போன். முகத்திலே கவலை. விழி கீழ்நோக்கி. எதிரே மடியில் வரைபடத்துடன் ஓர் அதிகாரி. அடியிலே ஒரு வரி: "வெள்ளச் சேதங்களைப் பார்வையிடுகிறார்."

கடலூர்த் தோழர்களும் சிதம்பரம் வட்டத்துத் தோழர்களும் அறியாத படமல்ல இது. 2004இல் ஆழிப்பேரலை, 2011இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணைப் பெருக்கும் என்று அடிமேல் அடி வாங்கிய மண் நம் மண். ஆகவே, பறக்கும் ஹெலிகாப்டருக்குள்ளே பயணியைப் படம் எடுப்பது எப்படி, அந்தப் படம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை இன்று சற்று ஆராய்வோம். தொழிலின் நுட்பம் தெரிந்தால்தான் தொழிலில் நடக்கும் தில்லுமுல்லு தெரியும். லேத்திலே நிற்கும் தோழருக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஹெலிகாப்டருக்குள் படம் எடுப்பது எளிதான வேலை அல்ல. இடமோ குறுகல், எனவே அகன்ற காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் வேண்டும். மேலே சுழலும் இறக்கையால் உடல் முழுவதும் அதிர்கிறது. கையைச் சன்னல் சட்டத்தில் ஊன்றினால் அந்த அதிர்வு காமிராவுக்கும் ஏறிப் படம் கலங்கிவிடும். ஊன்றாமல் பிடித்து, ஷட்டரை மிக வேகமாக வைத்து எடுக்க வேண்டும். இரைச்சலிலே "இப்படித் திரும்புங்கள்" என்று சொன்னாலும் காதில் விழாது, சைகைதான். ஃபிளாஷ் போட்டால் சன்னலிலே பட்டு எதிரொளித்துப் படத்தைக் கெடுக்கும். இடுப்பிலே வார் கட்டியிருப்பதால் எழுந்து நகரவும் முடியாது.

இவற்றையெல்லாம் பழக்கத்தால் வெல்லலாம். வெல்ல முடியாத சங்கடம் ஒன்று உண்டு. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். பயணியின் முகத்துக்கு ஏற்றபடி ஒளியளவை வைத்தால் சன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாய் வெளுத்துப்போகும். வெளியே உள்ள வெள்ளத்துக்கு ஏற்றபடி வைத்தால் முகம் கரிக்கட்டையாகும். முகமா, வெள்ளமா? ஒரு சொடுக்கிலே இரண்டும் தெளிவாய் விழுவது அரிது. புகைப்படக்காரர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தோழர்களே, அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமா?

முகமும் வேண்டும், வெள்ளமும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் கதை 2015 டிசம்பர் 3ஆம் நாள் நடந்தது. சென்னை வெள்ளத்தைப் பிரதமர் நரேந்திர மோடி வானிலிருந்து பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஏழு படங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்றிலே, வட்டச் சன்னலுக்கு வெளியே மூழ்கிய வீடுகள் கண்ணாடிபோல் தெளிவாய்த் தெரிந்தன. பார்த்தவர்கள் ஐயப்பட்டனர். ஊரே சிரித்தது. அலுவலகம் படத்தை நீக்கியது. இரண்டு படங்களை ஒன்றாய் இணைத்துவிட்டோம், வருந்துகிறோம் என்று அறிக்கை விட்டது. அவர் பறந்தது உண்மை. வெள்ளம் சூழ்ந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒட்டுப்போட்டு ஒரு பொய்யை உண்டாக்கிவிட்டார்கள்!

ஒட்டுப்போடாத படமும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். 2005 ஆகஸ்டு 31 அன்று, கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கிக் கிடந்தது. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் தம் விமானத்தின் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதைப் படம் எடுக்க விட்டார்கள். கவலையைக் காட்ட எடுத்த படம், எட்டி நின்றதைக் காட்டியது. இறங்காமல் பறந்துபோனவர் என்ற பேச்சு அவரைக் கடைசிவரை விடவில்லை. அது தவறு என்று பின்னாளிலே அவரே ஒப்புக்கொண்டார்.

ஹெலிகாப்டரே வேண்டாம் என்கிறோமா? இல்லை. பாலம் உடைந்து, சாலை அறுந்து, படகும் போகாத இடத்துக்கு அதுதான் வழி. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் தவித்தவர்களை விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மீட்டன. அவர்களிலே கருவுற்ற தாயும் இருந்தார், கைக்குழந்தையும் இருந்தது. அவர்களும் ஹெலிகாப்டர்ப் பயணிகள்தாம்! அவர்களையும் காமிரா பார்க்கும். ஆனால் தலைவருக்குத் தலை சீவ நேரமுண்டு. ஈரப் புடவையோடு நடுங்குகிறவருக்கு "எடுக்காதே" என்று சொல்லக்கூட நேரமில்லை. கேட்காமல் எடுத்து ஊரெங்கும் பரப்புவது உதவி ஆகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். தென்பெண்ணையும் கெடிலமும் பரவனாறும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தேடி வரும் வடிகால் பூமி நம்முடையது. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே செம்மண் நீர். நடவுக்காகத் தேக்கிய நீர் எது, அழுகும் சம்பாவின்மேல் நிற்கும் நீர் எது என்று விரைந்து போகும் கண்ணுக்குப் பிரித்துத் தெரியுமா? குறிஞ்சிப்பாடிப் பக்கம் கல்குணத்திலே வீட்டுக்குள் நீர் எத்தனை நாள் நின்றது என்று சன்னல் சொல்லுமா? சிதம்பரத்துக்குத் தெற்கே பெராம்பட்டு, திட்டுக்காட்டூர், கீழக்குண்டலப்பாடி மக்கள் 2018லும் 2022லும் கொள்ளிடத்தால் சூழப்பட்டார்கள். உள்ளூரிலே பெய்த மழையால் அல்ல, மேட்டூரிலே நிரம்பி வழிந்த காவிரியால்! அந்தக் காரணம் எந்தச் சன்னலிலே தெரியும்?

இது வெறும் படப் பேச்சல்ல, வயிற்றுப் பேச்சு. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 விழுக்காடு பயிர் அழிந்தால்தான் நிவாரணம் என்பது 2015இல் வந்த விதி. அதற்கு முன்பு பாதி அழிந்திருக்க வேண்டும். அந்த 33ஐ அளப்பது ஹெலிகாப்டர் அல்ல. வரப்பிலே இறங்கும் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும்தான். அவர்கள் வருவதற்குள் நீர் வடிந்துவிட்டால் சான்று ஏது? குத்தகைக்கு உழுதவனுக்கும் கூலிக்கு நட்டவளுக்கும் அந்தச் சான்றும் கிடையாது, சன்னலோரப் படமும் கிடையாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். காமிராவைத் திருப்புங்கள்! உள்ளே இருப்பவரை ஒரு படம் எடுங்கள், போதும். மீதியெல்லாம் வெளியே எடுங்கள். ஊர், நாள், நேரம் குறித்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். ஊராட்சி அலுவலகத்துச் சுவரிலே ஒட்டுங்கள். மேகத்தையும் ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்களைக் கொண்டு வெள்ள வரைபடம் தயாரிக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் ஐதராபாத்திலே இருக்கிறது. அந்த வரைபடத்தையும் அதன் பக்கத்திலே ஒட்டுங்கள். மக்கள் தாங்களே பார்த்து, விட்டுப்போன தெருவைச் சுட்டிக் காட்டட்டும்.

தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்று உங்கள் சட்டைப் பையிலே காமிரா இருக்கிறது. தலைவருடன் நின்று படம் பிடித்தது போதும். சுவரிலே நீர் ஏறிய கறை, சாய்ந்த பயிர், வயலின் சர்வே எண், நாள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நீர் வடிவதற்கு முன் எடுங்கள். முகம் தெரிய வேண்டுமானால் வீட்டுக்காரரைக் கேட்டு எடுங்கள்.

வானத்திலிருந்து வரும் படம் ஒரு நாள் செய்தி. தரையிலிருந்து போகும் படம் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு. எதற்கு ஒளியளவை வைப்பது என்பதை இனி நாமே தீர்மானிப்போம்!