தூளும் ஒரு பாடமே

பொறியியல் என்றதும் எமது மனக்கண்முன் எழுவன பாலங்களும் விமானங்களும் கணினிகளுமே. பொறியியல் பயில விரும்பும் எம் மாணவர்களிடம், "மாவையும் சீனியையும் பற்றிப் படிப்பீர்களா?" என்று வினவினால் அவர்கள் நகைக்கவும் கூடும். எனினும் சீமெந்து, உரம், பால்மா, சலவைத்தூள், மருந்துக் குளிசை என நாம் நாடோறும் பயன்படுத்துவனவற்றுள் எத்தனை தூளாகவே உள்ளன, அன்றேல் தூளிலிருந்தே ஆக்கப்படுகின்றன என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

தூள் திண்மமா, திரவமா? போத்தலைச் சரித்தால் சீனி நீரைப்போல ஓடுகின்றது. மேசையிற் கொட்டினாலோ பரவாது குவியலாய் நிற்கின்றது. நீர்த்தொட்டியின் ஆழம் கூடக்கூட அதன் அடியில் அழுத்தமும் கூடும். தானியம் நிரப்பிய உயர்ந்த களஞ்சியத்தில் அவ்வாறன்று. ஓர் உயரத்திற்குப் பின்னர் மேலும் தானியத்தைக் கொட்டினாலும் அடியிலுள்ள அழுத்தம் பெரிதும் கூடுவதில்லை. சுவரோடு உராயும் தானியம் தன் பாரத்தைச் சுவரின்மீது ஏற்றிவிடுவதே இதற்குக் காரணம். ஜேர்மனியப் பொறியியலாளர் யான்சன் 1895 ஆம் ஆண்டில் இதனைப் பரிசோதித்து விளக்கினார். அடித்தளத்தை மாத்திரம் பலமாக்கிச் சுவரை மெலிதாகக் கட்டினால் களஞ்சியம் என்னவாகும் என்பதை மாணவர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

களஞ்சியத்தின் வாயிலைத் திறந்தாலும் தூள் வெளிவராது, வளைவுபோல் இறுகி நின்றுவிடுவதுண்டு. அதனை இடித்து விழுத்துவதற்கென உள்ளே இறங்கியோர் தானியத்துள் புதையுண்டு மாண்ட துயரங்கள் பல. சுவர் எவ்வளவு சரிவாகவும் வாயில் எவ்வளவு அகலமாகவும் இருத்தல் வேண்டும் என்பதைக் கணிக்கும் முறையை யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜெனிக்கே 1964 இல் வெளியிட்டார். அதுவரை பெரும்பாலும் அனுபவமே துணையாயிருந்தது.

எம் தாய்மாருக்கு இத்துறை புதிதன்று. பிட்டுக்கு மாக் குழைக்கும்போது நீர் குறைந்தால் மா மாவாகவே கிடக்கும், கூடினால் களியாகிவிடும், அளவோடு சேர்ந்தாலே மணிமணியாகத் திரளும். குளிசை செய்யும் ஆலைகளிலும் பலவிடத்து இதுவே நடைபெறுகின்றது. நுண்ணிய மருந்துத்தூள் அச்சினுள் சீராக விழாது. ஆகவே அதனைப் பசைநீரால் நனைத்து மணிகளாக்கி, உலர்த்தி, அதன் பின்னரே அழுத்துகின்றனர். மணிகள் சீராக விழாவிடில் ஒரு குளிசையில் மருந்து கூடும், மற்றொன்றிற் குறையும். நோயாளி இதனை எங்ஙனம் அறிவார்?

யாவற்றினும் பாரதூரமானது தூளின் மேற்பரப்பு. பக்கமொன்று 1 சென்ரிமீற்றராகவுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனையே மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்குடைய கனசதுரங்களாக நொருக்கினால் மொத்த மேற்பரப்பு 6 சதுர மீற்றராகிவிடும். ஒரு சிறிய அறையின் தரையளவு! எரிவது மேற்பரப்பிலேயே ஆதலால், கட்டியாக மெதுவாய்க் கருகும் சீனி, தூசாகிக் காற்றிற் கலந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும்.

2008 பெப்ரவரி 7 ஆம் நாள் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே, போர்ட் வென்ற்வேர்த் என்னும் ஊரிலுள்ள சீனி ஆலையில் இதுவே நிகழ்ந்தது. பதினான்கு தொழிலாளர் உயிரிழந்தனர். சீனியில் அழுக்குப் படாதிருக்கவென முந்திய ஆண்டில் அங்கிருந்த காவுபட்டியைத் தகடுகளால் மூடியிருந்தனர். நன்னோக்குடன் செய்த அவ்வேலையே தூசு வெளியேறாது உள்ளே செறிவதற்கு வழிசெய்தது. சூடேறிய தாங்கியொன்று அதனைப் பற்றவைத்திருக்கலாம் என விசாரணையாளர் கருதினர். முதல் வெடிப்பு மாத்திரமெனில் இழப்பு இத்துணை பெரிதாகியிராது. அதன் அதிர்வில், தளங்களிலும் உத்தரங்களிலும் நெடுநாள் படிந்திருந்த தூசு கிளம்பி, கட்டடம் கட்டடமாக அடுத்தடுத்து வெடித்தது. இத்தகைய ஆலைகளில் பரவலாகப் படிந்த தூசு ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்புடையதாயினும் அபாயமென்றே அமெரிக்கப் பாதுகாப்பு நியமங்கள் கொள்கின்றன. அது கடதாசிக் கவ்வியொன்றின் கம்பித் தடிப்பேயாகும்.