சான்டோரினி தீவின் கூடைத் திராட்சை

கிரேக்க நாட்டின் தெற்கே, ஈஜியன் கடலில் சான்டோரினி என்ற சிறு தீவு உள்ளது. கிரேக்கர்கள் இதைத் தீரா என்றும் அழைப்பர். பரப்பு சுமார் 76 சதுர கிலோமீட்டர்தான். ஆறு இல்லை, ஏரி இல்லை. ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. அதுவும் குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். கோடை முழுவதும் வானம் வறண்டே கிடக்கும்.

இப்படிப்பட்ட மண்ணில் திராட்சை விளைகிறது. பருப்பும், தக்காளியும், கத்தரியும் விளைகின்றன. வழிவழியாக எல்லாமே மானாவாரிச் சாகுபடிதான். இங்குள்ள திராட்சையிலிருந்து தயாரிக்கப்படும் ஒயினுக்கு உலகச் சந்தையில் நல்ல மதிப்பு உண்டு. அந்த ஒயினுடன் எந்த உணவு பொருந்தும் என்று தீவின் குடியானவரைக் கேட்டால், அவர் பக்கத்து நிலத்தில் விளைந்ததைத்தான் காட்டுவார். ஒரே மண், ஒரே காற்று, ஒரே வெயிலில் வளர்ந்தவை ஒரே தட்டில் சேர்வதில் வியப்பில்லை.

எரிமலை தந்த மண்

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கு ஒரு பெரும் எரிமலை வெடித்தது. தீவின் நடுப்பகுதி கடலில் அமிழ்ந்தது. எஞ்சிய நிலத்தைச் சாம்பலும் நுரைக்கல்லும் பல மீட்டர் கனத்துக்கு மூடின. இன்றைய விளைநிலம் அந்தச் சாம்பல்தான். இதில் களிமண் மிகக் குறைவு. அங்ககச் சத்தும் குறைவு.

ஆனால் இந்த மண்ணுக்கு இரண்டு நற்குணங்கள் உண்டு. முதலாவது, இரவில் கடலிலிருந்து எழும் பனி ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக் கொள்கிறது; பகலில் சிறிது சிறிதாக வேருக்குக் கொடுக்கிறது. இரண்டாவது, களிமண் இல்லாததால் ஃபைலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி இங்கு பிழைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கிய பூச்சி இது. மற்ற இடங்களில் அமெரிக்க வேர்ச்செடி மீது ஒட்டுக் கட்டியே திராட்சை பயிரிடுகிறார்கள். சான்டோரினியில் கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. புதுக்கொடி வேண்டுமானால் பக்கத்துக் கொடியை மண்ணில் பதியன் போடுவதே பழைய வழக்கம்.

தரையில் பின்னிய கூடை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைப் பந்தலில் ஏற்றுவதைப் பார்த்திருப்போருக்குச் சான்டோரினித் தோட்டம் வேடிக்கையாகத் தோன்றும். இங்கு பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கோடையில் வீசும் பலத்த வடகாற்று நிமிர்ந்து நிற்கும் தளிரை ஒடித்துவிடும். பறக்கும் மணல் பூவை உதிர்த்துவிடும். ஆகவே கொடியைத் தரையோடு வளையமாகச் சுற்றி, கூடைபோலப் பின்னி விடுகிறார்கள். இதற்குக் கூலூரா என்று பெயர். குலைகள் கூடைக்கு உள்ளே, இலை நிழலில், காற்றுக்கு மறைவாகத் தொங்கும். இரவுப் பனியும் கூடைக்குள் தங்கும்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் கவாத்து செய்து, விட்டுவைத்த கொம்புகளைப் பழைய வளையத்தின் மேல் பின்ன வேண்டும். பல பத்தாண்டுகள் கழித்துத் தண்டு நீண்டு, மகசூல் குறைந்ததும், தரைமட்டத்தில் கூடையை வெட்டிவிடுவார்கள். அடிவேரிலிருந்து புதுத்தளிர் கிளம்பும். அதைக் கொண்டு அடுத்த கூடை. இவ்வாறு கூடை மாறினாலும் வேர் மாறுவதில்லை. பல தலைமுறை கண்ட வேர்கள் இத்தீவில் உள்ளன. ஏக்கருக்கு ஒரு டன் பழம் கிடைத்தாலே நல்ல மகசூல் என்பார்கள்.

முக்கிய ரகம் அசீர்ட்டிகோ என்ற வெள்ளைத் திராட்சை. அதிரி, அய்டானி என்ற வெள்ளை ரகங்களும், மாவ்ரோட்ரகானோ, மண்டிலாரியா என்ற கருப்பு ரகங்களும் உண்டு. மண்ணில் சாம்பல் சத்து குறைவாக இருப்பதால், பழம் நன்கு பழுத்த பின்னும் அசீர்ட்டிகோவின் புளிப்பு இறங்குவதில்லை. வெயில் நாட்டுத் திராட்சைக்கு இது அரிய குணம். உணவுடன் இந்த ஒயின் ஒத்துப்போவதற்குக் காரணமும் இந்தப் புளிப்பே.

பருப்புக்குக் கல்யாணம்

தீவின் ஆதிப் பயிர் பாவா என்னும் மஞ்சள் பருப்பு. பிற நாடுகளில் இதே பெயரில் விற்கும் பெரிய அவரை வேறு, இது வேறு. இது லத்தைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அந்த வகையில் கேசரிப் பருப்புக்குத் தாயாதி முறை. அக்ரோதிரி என்ற இடத்தில், எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பழைய ஊரை அகழ்ந்தபோது இந்தப் பருப்பு விதைகள் கிடைத்தன. அன்று விளைந்த பயிரே இன்றும் விளைகிறது.

பருப்பை வெங்காயத்துடன் சிறுதீயில் குழைய வேகவைத்துக் கடைந்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பார்கள். ஏறக்குறைய பருப்புக் கடைசல்தான். வதக்கிய வெங்காயமும் கேப்பர் மொட்டும் மேலே சேர்த்துவிட்டால், அதற்குக் ‘கல்யாணம் ஆன பாவா’ என்று பெயர்! கேப்பர் என்பது பாறை இடுக்கிலும் மதிற்சுவரிலும் தானே முளைக்கும் முட்செடி. அதன் மொட்டையும் இலையையும் பறித்து உப்பிலோ காடியிலோ ஊறப்போடுகிறார்கள். மொட்டை வெயிலில் காயவைத்தும் சேமிக்கிறார்கள்.

எதற்கு எது பொருந்தும்?

மாவுத்தன்மை மிகுந்த பருப்பு நாவில் படியும். புளிப்பான அசீர்ட்டிகோ ஒயின் அந்தப் படிவை நீக்கி, அடுத்த கவளத்துக்கு நாவைத் தயார் செய்கிறது. வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிவது எதற்காகவோ அதற்காகவே இதுவும். கனலில் வாட்டிய கணவாய், சிறுமீன் வறுவல் ஆகியவற்றுடனும் இதையே பரிமாறுவார்கள்.

அடுத்தது தக்காளி. தண்ணீர் பாய்ச்சாமல் விளையும் சிறு ரகம். தோல் தடிப்பு, சாறு குறைவு, இனிப்பும் புளிப்பும் அதிகம். அதை நறுக்கி, வெங்காயமும் புதினாவும் மாவும் பிசைந்து, பக்கோடாபோல எண்ணெயில் பொரிப்பார்கள். தக்காளியே புளிப்பானது, புளிப்பில்லாத ஒயினை அதனுடன் அருந்தினால் சப்பென்று இருக்கும். அசீர்ட்டிகோ ஈடு கொடுக்கும். விதையும் கசப்பும் குறைந்த வெள்ளைக் கத்தரியைச் சுட்டு மசித்தாலும், புதிதாய் உறைந்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை வைத்தாலும் பொருத்தம் அதுவே.

நிக்தேரி என்ற ஒயின் சற்றுக் கனமானது. நன்கு முற்றிய பழத்தைப் பறித்து, வெயில் ஏறுமுன் அன்றிரவே பிழிந்துவிடும் வழக்கத்தால், இரவைக் குறிக்கும் பெயர் இதற்கு வந்தது. இதை முயல்கறி, முற்றிய பாலாடைக்கட்டி போன்ற கனத்த உணவுடன் வைப்பார்கள். கருப்பு மாவ்ரோட்ரகானோ ஆட்டிறைச்சிக்கு உரியது.

வின்சான்டோ என்பது இனிப்பு ஒயின். பறித்த குலைகளைப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் வெயிலில் பரப்பிக் காயவைத்து, சர்க்கரைச் சத்து இறுகிய பின் பிழிந்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைப்பார்கள். பழைய நாளில் கப்பல் கப்பலாக ரஷ்யாவுக்குச் சென்று, அங்குள்ள தேவாலயங்களின் வழிபாட்டில் இடம்பெற்றது இது. உள்ளூரில் ஈஸ்டர் பண்டிகைக்குச் செய்யும் மெலிதீனியா என்ற பாலாடைக்கட்டிப் பணியாரத்துடன் சிறு கோப்பையில் கொடுப்பார்கள். இனிப்பு இருந்தும் புளிப்பு விடாமல் இருப்பதால் திகட்டுவதில்லை.

நிலத்துக்கு வந்த போட்டி

1956-ம் ஆண்டு பூகம்பத்தில் வீடுகள் இடிந்து, பலர் தீவை விட்டுச் சென்றார்கள். ஒரு காலத்தில் செழித்திருந்த தக்காளி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அவற்றுள் ஒன்று இன்று அருங்காட்சியகம். பின்னர் வந்தது சுற்றுலா. சுமார் 15,000 பேர் வாழும் தீவுக்கு ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். விடுதி கட்ட நிலத்துக்குக் கிடைக்கும் விலை எந்தப் பயிருக்கும் கிடைக்காது. நுரைக்கல் பாறையைக் குடைந்து அமைத்த பழைய ஒயின் கிடங்குகளில் பல இன்று தங்கும் அறைகளாகிவிட்டன. முன்பு பல ஆயிரம் ஏக்கரில் பரந்திருந்த திராட்சை இன்று மூவாயிரம் ஏக்கருக்கும் உட்பட்டே நிற்கிறது.

சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. சான்டோரினி ஒயினுக்கு 1971 முதல் இடப்பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. பருப்புக்கும் சிறு தக்காளிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு பின்னர் கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை இந்தப் பெயரில் விற்க முடியாது. 1947-ல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவும் இயங்கி வருகிறது. திராட்சை விலையும் பல மடங்கு ஏறியுள்ளது.

ஆயினும் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் வறட்சியும் வெப்பமும் தாக்கி அறுவடை மிகவும் சரிந்தது. கூடை பின்னத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. குனிந்து செய்யும் கவாத்து வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. சிலர் கம்பி கட்டி வரிசையாக வளர்த்து, சொட்டுநீரும் விடத் தொடங்கியுள்ளார்கள். வேலை மிச்சமாகிறது. ஆனால் காற்றையும் வறட்சியையும் தாங்குவதற்கென்றே முன்னோர் கண்ட முறை அங்கே கைவிடப்படுகிறது.

வெட்டிய கூடைக்குப் பதில் வேரிலிருந்து புதுக்கூடை கிளம்பும். வேரையே தோண்டி எடுத்துக் கட்டடம் எழுப்பிவிட்டால் அதற்கு மாற்று இல்லை. அன்று தட்டில் வைக்கப் பருப்பு இருக்கலாம். அதற்குப் பொருந்தும் கோப்பை இராது. தீவின் விவசாயிகள் இதை உணர்ந்தே, எஞ்சிய கூடைகளைக் குளிர்காலந்தோறும் குனிந்து பின்னி வருகிறார்கள்.