தீபாவளிக்குச் சாயம்: கிரீமா, வெளிர் பச்சையா?

பலகாரம், புதுத்துணி போலவே தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசுவதும் நம்மவர்களின் வழக்கம். தோட்டத்து லயங்களில் பெரும்பாலும் சுண்ணாம்புதான். நிறம் தேர்ந்தெடுக்கும் சிக்கலே இல்லை. இப்போது கடையில் நிற அட்டையை விரித்தால் தலை சுற்றுகிறது. கடைசியில் பல குடும்பங்கள் வந்து நிற்பது இரண்டில்: கிரீம் அல்லது வெளிர் பச்சை.

எது அழகு என்பதைவிட, வீட்டுக்குள் வெளிச்சம் எப்படி வருகிறது என்பதையே முதலில் பாருங்கள். கிள்ளானில் வரிசையின் நடுவில் இருக்கும் தெரஸ் வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டுமே சன்னல். சாப்பாட்டு மேசை போடும் நடுப்பகுதியில் பகலிலேயே விளக்கு எரியும். அங்கே வெளிர் பச்சை சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிடும். கிரீம் கூடுதல் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். பிரிக்பீல்ட்ஸில் உயர்மாடிகளின் நிழலில் அகப்பட்ட பழைய வீடுகளுக்கும் கிரீம்தான் பொருந்தும்.

மேற்குப் பார்த்த அடுக்குமாடி வீட்டில் கதையே வேறு. மாலை 4 மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும்போது கிரீம் சுவர் மாம்பழ மஞ்சளாகத் தெரியும். வெளிர் பச்சை அந்த மஞ்சளை அடக்கும். பச்சை பூசினால் அறை குளிரும் என்று சிலர் சொல்வார்கள். கண்ணுக்குத்தான் குளிர்ச்சி, வெப்பத்தைத் தடுக்கத் திரைச்சீலைதான் வேண்டும்.

இரவு விளக்கும் நிறத்தை மாற்றும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் கிரீம் இதமாக இருக்கும், பச்சை பழுப்படிக்கும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் பச்சை தெளிவாகத் தெரியும், கிரீம் வெளிறும்.

அட்டையை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்று பிரதிபலிப்பதால், அறைக்குள் நிறம் அட்டையில் இருப்பதைவிட அழுத்தமாகத் தெரியும். சிறிய டின் வாங்கி, இரண்டு பெரிய அட்டைகளில் இரண்டு பூச்சு அடித்துச் சுவரில் சாய்த்து வையுங்கள். காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

கணக்கையும் பார்ப்போம். 12க்கு 18 அடி வரவேற்பறை, 9 அடி உயரம். கதவு, சன்னல் போகச் சுமார் 45 சதுர மீட்டர் சுவர். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 10 சதுர மீட்டர் என்றால், இரண்டு பூச்சுக்கு 9 லிட்டர், அதாவது 5 லிட்டர் டின் இரண்டு. நிறம் பிடிக்காமல் போனால் இன்னும் இரண்டு டின், ஆள் கூலி வேறு. பெருநாள் செலவில் இது சின்னத் தொகையல்ல.

சாமி மேடைச் சுவருக்கு எந்த நிறமானாலும் விளக்குப் புகை படியும். துடைக்கக்கூடிய சாட்டின் வகையை அங்கே பூசுங்கள். அது சற்றுப் பளபளக்கும், சுவரின் மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். மற்றச் சுவர்களுக்குப் பளபளப்பில்லாத வகை போதும்.

அக்டோபர், நவம்பரில் மாலை மழை அதிகம். முதல் பூச்சு நன்றாகக் காயாமல் இரண்டாவதை அடிக்காதீர்கள். ஈரம் கசியும் சுவர் என்றால் கசிவைச் சரிசெய்து, சுவர் உலர்ந்த பிறகே சாய டின்னைத் திறங்கள்.